கடலோரக் கட்டடத்துக்கு எந்த உலோகக் கதவு: எம்.எஸ்., ஜி.ஐ., அலுமினியம், எஸ்.எஸ்.

திருவான்மியூரிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு கடைக்கோ கிளினிக்குக்கோ கிடங்குக்கோ கதவு வாங்கப் போனால், "எந்த மெட்டல் வேணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்: எம்.எஸ். (சாதாரண இரும்பு), ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கதவின் எந்த இடத்தில் தண்ணீர் தங்கும், எவ்வளவு நேரம் தங்கும், அதில் உப்பு உண்டா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஒரே பட்டறையில் ஒரே தகட்டில் செய்த இரண்டு கதவுகளில் ஒன்று புதிதுபோல் நிற்க, மற்றது மூன்றாவது மழைக்காலத்திலேயே அடியில் பொத்துப்போவதற்குக் காரணம் உலோகம் அல்ல. அது நின்ற இடமும் அதை நிறுத்திய விதமும்தான்.

ஈரம் வரும் வழிகள்

மழை எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் சாரல் அடிக்கும். கதவு காயவே காயாது. ஆனால் துருவுக்கு மழையைவிடப் பெரிய துணை, காற்றில் வரும் உப்பு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே கடற்காற்று படும் கதவில் சொட்டுத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உப்பு படிந்த இடம் நாளின் பெரும்பகுதி நனைந்தே இருக்கிறது.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். திறந்தவெளியில் மழையில் நனையும் கதவைவிட, போர்ட்டிகோவுக்கு அடியில் "பத்திரமாக" இருக்கும் கதவு சீக்கிரம் கெடும். முதல் கதவின் உப்பை மழை கழுவி விடுகிறது. இரண்டாவதில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. நிழற்கூரை போட்ட கதவுக்குக் கழுவும் வேலை கூடுதலாக உண்டு என்பதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது ஏ.சி. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் காற்றிலுள்ள நீராவி 27 டிகிரியில் பனித்துளியாக மாறிவிடும். உள்ளே 22 அல்லது 23 டிகிரியில் ஏ.சி. ஓடும் மருந்துக்கடையிலும் சர்வர் அறையிலும், காப்பு இல்லாத ஒற்றைத் தகட்டுக் கதவின் வெளிமுகம் 27-க்குக் கீழே போகக்கூடும். கதவு வியர்க்கிறது என்று சொல்வது இதைத்தான். அந்த வியர்வை வழிந்து நிலையின் அடிக்குப் போய், தரையும் நிலையும் சேரும் இடத்தில் தங்குகிறது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் கதவென்றால் இன்னொரு தொல்லை: பகலில் சூடேறி உள்காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அப்படி உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளித்துத் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

வெயிலில் கதவு என்ன ஆகும்

சென்னையில் தை மாத விடியலில் 20 டிகிரியை ஒட்டிவரும் வெப்பம், கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும். மேற்கு பார்த்த, அடர்நிறம் பூசிய இரும்புக் கதவின் முகம் 65 டிகிரி வரை போகும். அதாவது ஒரே கதவு ஆண்டுக்குள் 45 டிகிரி ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. 2100 மி.மீ. உயரக் கதவு இந்த 45 டிகிரிக்கு எவ்வளவு நீளும் என்றால், இரும்பு சுமார் 1.1 மி.மீ., 304 தர எஸ்.எஸ். 1.6 மி.மீ., அலுமினியம் 2.2 மி.மீ. பக்கத்துக்கும் தலைக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்ட இரும்புக் கதவுக்கு இது பிரச்சினையே இல்லை. அலுமினியத்துக்கு 4 மி.மீ. விடுவது நல்லது. விடியற்காலைக் குளிரில் ஒன்றரை மி.மீ. இடைவெளியில் கச்சிதமாகப் பொருத்திவிட்டுப் போனால் மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கதவு இறுகும்.

நீள்வதைவிட வளைவது மோசம். உள்ளே பஃப் (பாலியூரித்தேன் நுரை) நிரப்பிய கதவில் வெளித்தகடு 60 டிகிரி, ஏ.சி. பக்கத்து உள்தகடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தகடு நீள, உள்தகடு நீளாது. 45 மி.மீ. தடிமனுள்ள 2100 மி.மீ. இரும்புக் கதவு இந்த 30 டிகிரி வித்தியாசத்துக்கு நடுவில் 4 மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக வெயில் பக்கம் புடைக்கும், 304 எஸ்.எஸ். என்றால் 6 மி.மீ. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் இது பூட்டு நாக்கைத் தட்டோடு அழுத்தும், கைப்பிடி திரும்பாது. உட்பக்கம் திறக்கும் கதவில் மேல், கீழ் மூலைகள் கேஸ்கட்டை (இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டையை) விட்டு விலகும், ஏ.சி. காற்று போகும், மழைச்சாரல் வரும். மெக்கானிக் வந்து கீலை முடுக்கிவிட்டுப் போவார், மாலையில் சரியாகிவிடும், மறுநாள் மதியம் மறுபடியும் அதே கதை. கோளாறு கீலில் இல்லை. வெளிர் நிறம், மேலே ஒரு சன்ஷேட், நகர்த்திப் பொருத்தக்கூடிய பூட்டுத் தட்டு, உயரமான கதவென்றால் மேலும் கீழும் நடுவிலும் பூட்டும் மூன்றுமுனைப் பூட்டு: தீர்வு இவற்றில் இருக்கிறது. மேற்கு பார்த்த கதவுக்குக் கறுப்போ அடர் பழுப்போ கேட்கும் கட்டட வடிவமைப்பாளரிடம் இந்த 4 மி.மீ. கணக்கைக் காட்டலாம்.

எம்.எஸ். கதவு

பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் அல்லது சதுரக் குழாய்ச் சட்டம் அடித்து, மேலே தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடும் எனாமலும் பூசித் தருவது. நான்கிலும் மலிவு இதுதான், எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம், உடைப்பதும் கடினம். கிடங்கின் பின்கதவுக்கும் காம்பவுண்டு கேட்டுக்கும் இன்னும் இதையே வாங்குகிறார்கள், அதில் தப்பில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்க ஆளும் மனமும் இருந்தால் மட்டும்.

இது கெடும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். தகட்டைச் சட்டத்தோடு 15 செ.மீ.-க்கு ஒரு பொட்டு என்று விட்டுவிட்டுப் பற்றவைப்பார்கள். பொட்டுகளுக்கு இடையிலுள்ள மயிரிழை இடுக்கில் உப்புநீர் ஏறும், பெயின்ட் ஏறாது. அங்கே பிறக்கும் துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும் என்பதால் தகட்டையே உப்பவைத்துப் பிரித்துவிடும். அந்த இடுக்குகளை பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் கொண்டு அடைத்த பிறகே கடைசிப் பூச்சு என்று எழுதி வாங்குங்கள். சதுரக் குழாயின் முனைகளைத் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். திறந்த குழாய் உள்ளுக்குள் துருப்பிடிப்பதை எந்தப் பெயின்டும் தடுக்காது.

ரெட் ஆக்சைடு கடலோரத்துக்குப் போதாது. எபாக்சி சிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, மேலே பி.யு. பெயின்ட் இரண்டு கை என்பது குறைந்தபட்சம். அதற்கும் முன்பு, புதுத் தகட்டின் மேலிருக்கும் நீலக்கறுப்புச் செதில் போக வேண்டும். கம்பி பிரஷ் அதை எடுக்காது, மணல் வீச்சுதான் எடுக்கும். இதையெல்லாம் முறையாகச் செய்து முடித்தால் எம்.எஸ். கதவின் விலை ஜி.ஐ. கதவின் விலையைத் தொட்டுவிடும். எனவே மலிவு என்ற காரணத்துக்காக மட்டும் எம்.எஸ். வாங்குவதாக இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும்.

ஜி.ஐ. கதவு

அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, வணிக வளாகப் படிக்கட்டு என்று பெரும்பாலான இடங்களுக்கு இதுதான் சரியான தேர்வு. ஆனால் "ஜி.ஐ." என்ற இரண்டு எழுத்துக்குள் பல தரங்கள் ஒளிந்திருக்கின்றன.

துத்தநாகப் பூச்சை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். இரு பக்கமும் சேர்த்த கணக்கு. சந்தையில் எளிதாகக் கிடைப்பது 120. ஐ.எஸ். 277 தரத்தில் கேட்டு வாங்க வேண்டியது 275. ஒரு பக்கத்துக்கு 120 என்றால் சுமார் 8 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 275 என்றால் 19 மைக்ரான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அரிப்பு வேகத்தோடு வைத்துப் பார்த்தால் புரியும். ஐ.எஸ்.ஓ. 9223 வகைப்பாட்டில் நடுத்தரமான சி3 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். கடுமையான சி5-இல் 4.2 முதல் 8.4 மைக்ரான். அலை தெரியும் தூரத்தில் உள்ள கட்டடத்தைச் சி5 என்றே எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே மேல்பூச்சு இல்லாத 120 கிராம் தகடு இரண்டு ஆண்டு தாங்கினால் அதிகம். 275 தகடு நான்கு ஆண்டு தாங்கலாம். ஆக, துத்தநாகம் மட்டும் காப்பாற்றாது. அதன் மேல் நல்ல பவுடர் கோட்டிங்கோ (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஏற்றும் பூச்சு) எபாக்சி பூச்சோ வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் ஆயுள், தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட அதிகம். பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். துத்தநாகத்தைப் பூச்சு காக்கும்.

ஜி.ஐ. மேல் சாதாரண எனாமலை நேரடியாக அடிப்பது வீண்வேலை. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் படலமாகிவிடும். ஓராண்டில் பெயின்ட் வாழைப்பட்டைபோல் உரியும். எட்ச் பிரைமரோ ஜி.ஐ.-க்கான எபாக்சி பிரைமரோ முதலில் வேண்டும். பவுடர் கோட்டிங் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏழு தொட்டி முறையில் கழுவிப் பாஸ்பேட் ஏற்றிய பிறகு அடிக்கிறார்களா? வெளிக்கதவுக்குப் போடுவது சுத்த பாலியெஸ்டர் பவுடரா? தடிமன் 60 முதல் 80 மைக்ரானா? எபாக்சி கலந்த பவுடர் உள்கதவுக்கு நல்லது. வெயிலில் வைத்தால் சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும்.

தடிமனை கேஜில் சொன்னால் மி.மீ.-இல் திருப்பிக் கேளுங்கள். 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. வணிகக் கட்டடத்தின் வெளிக்கதவுக்கு நிலை 1.6, கதவுப் பலகை 1.2 நியாயமானது, உள்கதவுக்கு 1.2-ம் 0.8-ம் போதும். இரு முகமும் 1.2 மி.மீ. தகடாக உள்ள 1 மீட்டர் அகல, 2.1 மீட்டர் உயரக் கதவில் தகடே 40 கிலோவை நெருங்கும். உள்நிரப்பும் பூட்டும் சேர்த்தால் 50-ஐத் தாண்டும். மூன்று கீலுக்குப் பதில் நான்கு போடுங்கள்.

உள்நிரப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேன்கூட்டுக் காகிதம் மலிவு, உள்கதவுக்கு நல்லது. மழை படும் வெளிக்கதவில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் காகிதம் கூழாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலோர வெளிக்கதவுக்கு கன மீட்டருக்கு 38 முதல் 40 கிலோ அடர்த்தியுள்ள பஃப் நல்ல தேர்வு: தண்ணீர் குடிக்காது, வியர்வையையும் குறைக்கும். ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) தண்ணீரைக் குடிக்கும். ஆனால் தீத்தடுப்புக் கதவில் அதுபோன்ற கனிம நிரப்பைத் தவிர்க்க முடியாது. தீத்தடுப்புக் கதவு ஐ.எஸ். 3614-இன்படி சோதித்துச் சான்று பெற்ற முழுத் தொகுப்பாக வர வேண்டும். அதில் நீங்களாக ஓட்டை போடுவதோ பூட்டை மாற்றுவதோ சான்றைச் செல்லாததாக்கும்.

கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய) தகட்டைப் பற்றி ஒரு வரி: ரோலிங் ஷட்டர் பட்டைக்கு அருமை, பற்றவைத்துச் செய்யும் கதவுக்கு வேண்டாம், வெல்டிங் அதன் பூச்சை எரித்துவிடும், ஈரச் சிமென்ட் அதிலுள்ள அலுமினியத்தை அரிக்கும்.

அலுமினியம்

கடை முகப்புக்கு அலுமினியமும் கண்ணாடியும்தான். இரும்புபோல் துருப்பிடித்து வழியாது, இலகு, நாளுக்கு நூறு முறை திறந்தாலும் கீல் தொய்யாது. 6063 கலவைப் பட்டி, கதவின் செங்குத்துச் சட்டத்தில் குறைந்தது 2 மி.மீ. கனம், கடலோரத்தில் 20 முதல் 25 மைக்ரான் அனோடைசிங் (மின்வேதி முறையில் ஏற்றும் ஆக்சைடு படலம்) அல்லது 60 மைக்ரானுக்குக் குறையாத பவுடர். பார்ட்டிஷன் வேலைக்கான 1.2 மி.மீ. பட்டியில் கதவு செய்து கொடுப்பவர்கள் உண்டு. திருகுகள் ஒரு வருடத்தில் லூசாகும்.

அலுமினியத்தின் பகைவன் ஈரச் சிமென்ட். பூச்சு வேலை முடியும் முன் நிலையை வைத்தால், தெறித்த கலவை காய்ந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு விழும், துடைத்தால் போகாது. பூச்சு, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, சுவருக்கும் பட்டிக்கும் இடையே சீலன்ட் கொடுத்துப் பொருத்துவதுதான் முறை. அந்த சிலிக்கான் வினிகர் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நியூட்ரல் வகை வாங்குங்கள். வினிகர் வாடை என்பது அசிட்டிக் அமிலம், ஜி.ஐ. நிலையோரத்தில் துத்தநாகத்தையும் அது அரிக்கும்.

கண்ணாடிக் கதவுக்குக் கீழே புதைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங், மழைத்தண்ணீர் ஏறும் சென்னைத் தெருக்களில் பெரும் செலவு. பெட்டிக்குள் தண்ணீரும் சேறும் இறங்கினால் அடுத்த பருவத்துக்குள் கதவு தானாக மூடுவதை நிறுத்தும். தெருமட்டத்திலிருந்து ஒரு படி உயரம்கூட இல்லாத கடைக்கு மேல்சட்டத்தில் பொருத்தும் குளோசர்தான் புத்திசாலித்தனம்.

பாதுகாப்பு என்று வந்தால் அலுமினியக் கதவு தனியாக நிற்காது. இரவுக்கு ரோலிங் ஷட்டர் வேண்டும். ஷட்டர் பட்டை 3.5 மீட்டர் அகலம் வரை 0.9 மி.மீ., அதற்கு மேல் 1.2 மி.மீ. கனம் இருக்கட்டும். ஷட்டரில் முதலில் அழுகுவது பட்டை அல்ல, பக்கக் கைடு சேனலின் கடைசி ஒரு அடியும் அடிப்பட்டையும்தான். அவற்றை மட்டும் எஸ்.எஸ்.-இல் கேட்டால் கூடுதல் செலவு சிறிது, ஆயுள் பெரிது. கைடில் கிரீஸ் தடவும் பழக்கத்தை விடுங்கள். உப்பும் மணலும் அதில் ஒட்டி அரம்போல் வேலை செய்யும். சிலிக்கான் ஸ்பிரே போதும். ஷட்டரை அவசர வெளியேறும் வழியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எஸ்.எஸ்.

"எஸ்.எஸ். துருப்பிடிக்காது சார்" என்று சொல்லி விற்கப்படும் பொருளில் மூன்று சாதி உண்டு. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். கடலோரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே செம்புள்ளி விழும். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நகரின் உட்பகுதிக்கும் உள்கதவுக்கும் போதும். கடலை ஒட்டிய இடத்தில் அதன் மேல் டீக்கறைபோல் பழுப்புப் படியும். பலம் போகாது, பார்வை போகும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. குளோரைடு குத்தும் குழிகளை எதிர்ப்பது அதுதான். மீன் பதப்படுத்தும் கூடம், உப்புக் கிடங்கு, இறால் குளிர்பதன அறை, கடற்கரை விடுதியின் வெளிக்கதவு ஆகியவற்றுக்கு எஸ்.எஸ். என்றால் 316-ஐத் தவிர வேறு பேச்சு வேண்டாம். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளப் பக்கங்களில் 304 வாங்கிச் சேமிக்கும் பணம், பாலிஷ்காரருக்குப் போகும்.

காந்தம் வைத்துப் பார்ப்பது இதில் உதவாது. 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. மாலிப்டினம் காட்டும் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டால் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துவிடலாம். பெரிய ஆர்டர் என்றால் எக்ஸ்ரே துப்பாக்கி கொண்டு கலவை அளப்பவரைக் கூப்பிடுங்கள், ஆலைச் சோதனைச் சான்றையும் கேளுங்கள்.

எஸ்.எஸ். துருப்பிடித்தால் பாதி நேரம் குற்றவாளி பட்டறைதான். எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் டிஸ்க்கை வைத்து எஸ்.எஸ்.-ஐத் தேய்த்தால் இரும்புத்தூள் பதிந்து, பத்தே நாளில் புள்ளி புள்ளியாகச் செம்மை தெரியும். வெல்டிங் ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாகத் தெரியும் வண்ணத்தைப் பிக்கிளிங் பேஸ்ட் (அமிலப் பசை) கொண்டு எடுக்காவிட்டால் அந்தக் கோட்டிலேயே அரிப்பு தொடங்கும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. கோடு போட்ட ஹேர்லைன் பாலிஷ் என்றால் கோடுகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கிடையாக ஓடினால் ஒவ்வொரு கோடும் உப்பு தங்கும் திண்ணை.

கதவைவிட நிலையும் அடியும்

மேலே சொன்ன எதை வாங்கினாலும் கதவின் ஆயுளைத் தீர்மானிப்பது தரையிலிருந்து முதல் 15 செ.மீ. உயரம். தரை கழுவும் தண்ணீர், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் அங்கேதான் தேங்கும். நிலையின் கால் டைல்ஸுக்குக் கீழே புதைந்திருந்தால், டைல்ஸ் இடுக்கில் இறங்கும் நீரில் அது ஊறியபடியே நிற்கும். தினமும் கழுவும் இடங்களில் நிலையின் அடிப்பகுதி 15 செ.மீ.-க்கு 316 எஸ்.எஸ். உறை போட்டோ, அந்தத் துண்டையே 316-இல் செய்தோ வாங்கலாம். சுவர்ப்பக்கம் பார்க்கும் நிலையின் உள்முகத்துக்குப் பிட்டுமென் அல்லது எபாக்சி பூசிய பிறகே கலவை நிரப்ப வேண்டும். அந்த முகத்துக்குப் பவுடர் ஏறியிருக்கவே இருக்காது.

கதவுப் பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிச்சேனலில் நீர் வடிய 6 மி.மீ. துளைகள் இரண்டோ மூன்றோ இருக்க வேண்டும். தலைப்பக்கம் நேர்மாறு: மேல் விளிம்பு தகடு வைத்து மூடி அடைத்திருக்க வேண்டும். பள்ளமாகத் திறந்திருக்கும் மேல்சேனல் ஒவ்வொரு மழையிலும் தொட்டியாகும். வெளிக்கதவாக மாட்டிய உள்கதவுகளில் இந்தத் தவறு அடிக்கடி தென்படும். நிமிர்ந்து பார்த்தால் தெரியாத இடம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. கதவுக்கும் தரைக்கும் 6 முதல் 8 மி.மீ. இடைவெளி, வெளிவாசலில் தரைக்கு வெளிப்பக்கச் சரிவு.

பூட்டு வெட்ட, கீல் திருக, தளத்தில் துளை போட்டால் அந்த வெட்டுமுனையில் துத்தநாகம் இல்லை. சிங்க் ரிச் பெயின்ட் (துத்தநாகத் தூள் செறிந்தது) ஒரு டப்பா தளத்தில் இருக்கட்டும். துளை போட்ட அன்றே பூச வேண்டும். முடிந்தவரை எல்லா வெட்டையும் தொழிற்சாலையிலேயே முடித்து வரச் சொல்லுங்கள்.

திருகில் ஒரு விதி: பெரிய தகட்டைவிடச் சின்னத் திருகு மட்டமான உலோகமாக இருக்கக் கூடாது. 316 கதவில் ஜி.ஐ. திருகு போட்டால் திருகு முதலில் செத்துப்போகும், கீல் தொங்கும். அலுமினியக் கதவில் எஸ்.எஸ். திருகு போடலாம், நைலான் வாஷரோடு. கீல் 304-க்குக் குறையாமல், பேரிங் வைத்தது. பூட்டின் முகத்தகடு எஸ்.எஸ். என்று காட்டுவார்கள், உள்ளிருக்கும் பெட்டி எம்.எஸ். ஆக இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். கேஸ்கட் ஈ.பி.டி.எம். ரப்பர், பி.வி.சி. கேஸ்கட் இரண்டு கோடையில் கட்டையாகிச் சுருங்கும். குளோசரின் வேகம் எண்ணெயின் குழைவைப் பொறுத்தது என்பதால் மே மாதத்தில் வேகமாகவும் மார்கழி விடியலில் மெதுவாகவும் மூடும். ஆண்டுக்கு இரண்டு முறை வால்வைக் கால் திருப்பு திருப்பினால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை. கடலைப் பார்த்த வாசலில் காற்று தள்ளும் என்பதால் கதவின் எடைக்குச் சொல்லும் அளவைவிட ஒரு அளவு பெரிய குளோசர் போடுங்கள்.

எங்கே எதை

மதுரை, கோவை போன்ற, கடலிலிருந்து தள்ளிய பகுதிகளில் 120 கிராம் ஜி.ஐ.-யும் நல்ல பவுடரும் நெடுநாள் தாங்கும். அங்கே 316-க்குக் கொடுக்கும் பணம் வீண். சென்னையில் கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, 275 கிராம் ஜி.ஐ. கதவும் எஸ்.எஸ். கீல் பூட்டும். எண்ணூர், மணலிப் பக்கம் உப்போடு தொழிற்சாலைப் புகையும் சேர்வதால் கடற்கரைக்கான விதியையே வையுங்கள். கடற்கரைச் சாலையை ஒட்டி, அலை கேட்கும் தூரத்தில் என்றால் வெளிக்கதவு 316 அல்லது தடிமனான அனோடைசிங் ஏறிய அலுமினியம், உள்ளே 275 ஜி.ஐ. மண்டபம், ராமேஸ்வரம் தனி ரகம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. ஊட்டி, கொடைக்கானலில் உப்பு இல்லை, ஆனால் மூடுபனி உண்டு, ஜி.ஐ.-யும் பஃப் நிரப்பும் போதும்.

கழிவறைக் கதவுக்கு இந்தப் பட்டியல் எதுவுமே வேண்டாம். அங்கே எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) கதவு உலோகத்தைவிட மலிவு, துருவே கிடையாது. உலோகக் கதவு பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வாங்கும் சீட்டில் தகட்டின் மி.மீ., துத்தநாகக் கிராம் அல்லது எஸ்.எஸ். தரம், பவுடரின் வகையும் மைக்ரானும், உள்நிரப்பு, மேல்விளிம்பு மூடி, வடிதுளை, கீல் பூட்டின் தரம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கதவு வந்து இறங்கியதும் மைக்ரான் மீட்டரை முகத்தில் மட்டும் வைக்காமல் ஓரத்திலும் மடிப்பிலும் வையுங்கள். பூச்சு மெலிவது அங்கேதான். ஜி.ஐ. மேல் வைக்கும் மீட்டர் துத்தநாகத்தையும் சேர்த்தே காட்டும் என்பதால் அந்த 19 மைக்ரானைக் கழித்துப் படியுங்கள்.

கடலோரத்தில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஈ.சி.ஆர். பக்கம் பல போர்வெல்களில் வருவது உப்புத்தண்ணீர். அதில் கழுவினால் கடற்காற்று ஒரு மாதத்தில் செய்வதை நீங்களே அரை மணியில் செய்கிறீர்கள். கடைசியாகப் பொருத்தும் நாள்: டைல்ஸ் ஒட்டிய கறையை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் கட்டட வேலையில் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி மூடிய அறைக்குள் ஓர் இரவு நின்றாலே 316 கதவும் பழுப்பேறும், ஜி.ஐ. நிலையின் அடியில் துத்தநாகம் காணாமல் போகும். நிலை முன்பே நின்றிருந்தால் பிளாஸ்டிக் ஷீட் சுற்றி டேப் ஒட்டி, கழுவிய உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கதவுப் பலகையைத் தளத்துக்குக் கொண்டுவருவது அந்த ஆசிட் வேலை முடிந்து தரை காய்ந்த பிறகுதான்.